விருந்தாளி எப்போது குடித்தனக்காரர் ஆகிறார்?

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்று சொல்லி வைத்த நம் பெரியவர்கள் மும்பையில் ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டவர்கள் அல்லர். விட்டிருந்தால் அவ்வளவு திட்டவட்டமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து ஒரு பகலும் இரவும் ரயிலில் உட்கார்ந்து வருகிறவர் மூன்றாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாரா என்ன? மகளின் பிரசவத்துக்கு வரும் தாயார் ஐந்து மாதம் இருப்பார். வேலை தேடி வரும் தம்பி வேலை கிடைக்கும் வரை இருப்பான். பரேல் டாடா மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வரும் சித்தப்பா, டாக்டர் போகச் சொல்லும் வரை இருப்பார். நம்மில் யார் வீட்டில் இது நடக்கவில்லை?

நம் வீட்டில் நடந்தால் இதற்கு விருந்தோம்பல் என்று பெயர். திருவள்ளுவர் இதற்காக ஒரு அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார் என்று மார் தட்டிக்கொள்வோம். ஆனால் நாம் வாடகைக்கு விட்ட வீட்டில், நம்மிடம் குடியிருப்பவர் இதே விருந்தோம்பலைச் செய்தால்? அப்போது நம் முகம் மாறிவிடுகிறது. என் முகமும் மாறியது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். சங்கத்து அங்கத்தினர்களில் பலர் இன்று ஒரு வீட்டில் வசித்துக்கொண்டு இன்னொரு சிறிய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இன்னும் பலர் வாடகைக்குக் குடியிருக்கிறோம். இரு தரப்பாருக்கும் இது பயன்படலாம்.

ஏழு ஜோடிச் செருப்பு

டோம்பிவிலி கிழக்கில் எனக்கு ஒரு சிறிய ஃப்ளாட் உண்டு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பி.எஃப். பணம், ஆபீஸ் கூட்டுறவுச் சங்கக் கடன், மனைவியின் வளையல் எல்லாம் சேர்ந்து 1993-ல் வாங்கியது. ஓய்வு பெற்றபின் முலுண்டில் மகனோடு இருக்கிறோம். டோம்பிவிலி வாடகைதான் எங்கள் இருவரின் மருந்துச் செலவுக்கு ஆதாரம்.

2018-ல் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு அந்த வீட்டைக் கொடுத்தேன். பிவண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மனைவி, மூன்று வயதுக் குழந்தை. மாதம் 11,000 ரூபாய், 11 மாத அக்ரிமெண்ட். நம் ஊர்ப் பிள்ளை என்பதால் அதிகம் விசாரிக்கவில்லை. டெபாசிட்டிலும் ஐயாயிரம் குறைத்துக்கொண்டேன். மூன்று மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. ஐந்தாம் தேதியானால் வாடகை பாங்கில் விழுந்துவிடும்.

நான்காவது மாதம் சொசைட்டி செகரட்டரி போன் செய்தார். "சாஹேப், உங்கள் ஃப்ளாட்டில் தர்மசத்திரம் ஏதாவது திறந்திருக்கிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார். வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு கிடப்பதாக வாட்ச்மேன் எண்ணிச் சொல்லியிருக்கிறான். தண்ணீரோ காலையில் ஒரு மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம்தான் விடுகிறார்கள். மேல் தொட்டி எட்டு மணிக்கே காலியாகிவிடுகிறது. இரண்டாவது மாடிக்காரர் எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டார். "ஆள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியாது. நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்" என்று முடித்தார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. அதன் பிறகு நான் செய்ததெல்லாம்தான் தவறு.

நான் செய்த மூன்று தவறுகள்

முதல் தவறு: சொல்லாமல் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். லுங்கி கட்டிய ஒரு பையன் வாயில் பிரஷ்ஷோடு கதவைத் திறந்தான். ஹாலில் பாய் விரித்து இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்பவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்.

இரண்டாவது தவறு: பேச வேண்டியவரிடம் பேசாமல் எதிரில் நின்றவர்களிடம் பேசினேன். "யாரப்பா நீங்கள் எல்லாம்? யாரைக் கேட்டு இங்கே தங்கியிருக்கிறீர்கள்? ஒரு வாரத்தில் அத்தனை பேரும் கிளம்ப வேண்டும்" என்று சத்தம் போட்டேன். தூங்கியவர்கள் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். குடியிருப்பவரின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்தபடி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் அதைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலையே அவர் போன் செய்தார். "சார், எதுவா இருந்தாலும் நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாம். என் மச்சினன்கிட்ட ஏன் சார் சொன்னீங்க? அஞ்சாம் தேதி வாடகை வருதா, இல்லையா? என் வீட்டுல யார் சாப்பிடுதாங்கன்னு உங்ககிட்ட லெட்டர் வாங்கணுமா?"

'என் வீட்டுல' என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் வராமல் செய்துவிட்டது. கடன் கட்டியது நான், வளையல் வைத்தது என் மனைவி, 'என் வீடு' என்கிறாரே!

மூன்றாவது தவறு, நல்ல வேளையாக, எண்ணத்தோடு நின்றது. அந்த ஃப்ளாட்டுக்குப் போகும் தண்ணீர் வால்வைப் பாதி மூடிவிட்டால் தானாகவே கூட்டம் குறையும் என்று செகரட்டரி யோசனை சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அதற்கு முன்னால் சங்கத்து நண்பரான வக்கீல் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று போனேன்.

வக்கீல் நண்பர் சொன்னது

அவர் முதலில் கேட்டது, "வால்வை மூடிவிட்டீர்களா?" என்றுதான். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-ன் 29-ஆவது பிரிவின்படி தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் தக்க காரணமின்றி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் குற்றம் நம்முடையதாகிவிடும். பூட்டை மாற்றுவது, சாமானைத் தூக்கி வெளியே வைப்பது எல்லாமும் அப்படித்தான். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வந்து உட்காரலாம் என்கிறது 1963-ஆம் வருடத்துக் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு.

"வீட்டைப் போய்ப் பார்க்கவும் எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டேன். உண்டு. 28-ஆவது பிரிவு அதைத் தருகிறது. ஆனால் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, தகுந்த நேரத்தில் போக வேண்டும். ஞாயிறு காலை ஏழு மணி தகுந்த நேரம் அல்ல.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியமானது. "நீங்கள் தலைகளை எண்ணுகிறீர்கள். கோர்ட் தலையை எண்ணாது. விருந்தாளி இத்தனை நாள்தான் தங்கலாம் என்று எண் போட்டு வாடகைச் சட்டத்தில் எழுதவில்லை. கோர்ட் கேட்பது வேறு" என்றார். அவர் சொன்னதை என் மொழியில் தருகிறேன்.

ஒன்று: வீடு யார் கையில் இருக்கிறது? குடியிருப்பவர் தாமும் அங்கேயே வசித்து, வீட்டைத் தம் ஆளுகையில் வைத்துக்கொண்டு, உறவினரையும் நண்பரையும் கூடத் தங்க வைத்தால் அது உள்வாடகை ஆகாது. அவர் வேறிடம் போய்விட்டு, அறையையோ வீட்டையோ இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டால் அங்கேதான் சங்கதி மாறுகிறது. டில்லி இம்பீரியல் ஹோட்டல் சம்பந்தமான வழக்கில் 1959-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்தே, குத்தகையா வெறும் அனுமதியா என்று பார்க்கும்போது, தனித்த சுவாதீனம் யாரிடம் என்பது ஒரு பெரிய கேள்வியாக இருந்து வருகிறது.

இரண்டு: பணம் கை மாறுகிறதா? மச்சினன் சும்மா சாப்பிட்டுத் தங்கினால் அவன் விருந்தாளி. மாதம் இவ்வளவு என்று கொடுத்துத் தங்கினால் அவன் பேயிங் கெஸ்ட். அதற்கு நம் அனுமதி வேண்டும் என்று அக்ரிமெண்டில் இருந்தால் அது ஒப்பந்த மீறல்.

மூன்று: அவருக்கு வேறு வீடு உண்டா? ஊரில் வீடு, ரேஷன் கார்டு எல்லாம் வைத்துக்கொண்டு இங்கே வந்திருப்பவர் வேறு. இந்த விலாசத்தையே ஆதாரிலும் பாங்கிலும் கொடுத்துவிட்டவர் வேறு.

"இன்னொன்று" என்றார் நண்பர். "அந்தப் பையன்களுக்கும் உங்களுக்கும் சட்டத்தில் எந்த உறவும் கிடையாது. அவர்கள் இருப்பது குடியிருப்பவரின் அனுமதியில். உங்கள் ஒப்பந்தம் அவரோடு மட்டும்தான். அதனால் பேச்சும் அவரோடு மட்டும்தான். விருந்தாளியிடம் நீங்கள் போட்ட சத்தத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, மனிதர்களிடம் மட்டும்தான் அதன் விளைவு."

வீட்டுக்காரருக்கு ஏன் இத்தனை பயம்?

அப்படியானால் மும்பை வீட்டுக்காரர்கள் விருந்தாளியைக் கண்டால் ஏன் இப்படி அரண்டு போகிறார்கள்? அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1947-ஆம் வருடத்துப் பம்பாய் வாடகைச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1940-ஆம் ஆண்டு நிலவரத்தில் உறைய வைத்தது. அதோடு, குடியிருப்பவர் காலமானால் அவருடன் சேர்ந்து வசித்த குடும்பத்தினர் ஒருவருக்கு அந்தக் குடித்தன உரிமை போய்ச் சேர வழி செய்தது. அப்புறம் 1973-ல் ஒரு திருத்தம் வந்தது. அந்த வருடம் பிப்ரவரி 1-ஆம் தேதி செல்லுபடியாகும் லைசென்ஸில் வீட்டில் இருந்தவர்கள் சட்டத்தின் பாதுகாப்புள்ள குடித்தனக்காரர்களாகவே கருதப்பட்டார்கள். 'கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன்' என்று வந்தவர்கள் ஒரே நாளில் நிரந்தரமானார்கள். 'வந்தவன் போக மாட்டான்' என்ற பயம் அன்று பிடித்ததுதான்.

இன்று நிலைமை அப்படி இல்லை. 31.3.2000 முதல் அமலில் இருக்கும் 1999-ஆம் வருடச் சட்டத்தில் லீவ் அண்ட் லைசென்ஸ் முறைக்குத் தனி வழி உண்டு. கெடு முடிந்தும் காலி செய்யாதவர் மீது 24-ஆவது பிரிவின்படி அதற்கென உள்ள அதிகாரியிடம் மனுச் செய்யலாம். அதிகப்படியாக இருந்த காலத்துக்கு இரட்டிப்புத் தொகை கேட்கலாம். எழுதிய அக்ரிமெண்டில் உள்ளதே முடிவான சாட்சியம். ஆனால் 55-ஆவது பிரிவின்படி அக்ரிமெண்ட் எழுதப்பட்டுப் பதிவாகியிருக்க வேண்டும். 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்று நினைப்பது மற்ற மாநிலத்துப் பழக்கம். இங்கே 11 மாதமானாலும் பதிவு கட்டாயம், அந்தப் பொறுப்பும் வீட்டுக்காரருடையது. பதிவு செய்யாவிட்டால், ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை, எடுபடும். மூன்று மாதம் வரை சிறை, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று தண்டனையும் உண்டு. இப்போது ஆதார் கைரேகை வைத்து ஆன்லைனிலேயே பதிவு செய்துவிடலாம் என்பதால் சாக்குச் சொல்ல வழியில்லை.

என் அக்ரிமெண்ட் பதிவாகியிருந்தது. ஆனால் அதில் விருந்தாளியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. புரோக்கர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஒரு டிரங்குப் பெட்டி

1973 பிப்ரவரி 1 என்று நண்பர் சொன்னபோது எனக்குப் பழைய விஷயம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது.

1974 ஜூன் மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் தாதரில் இறங்கினேன். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, டைப்ரைட்டிங் ஹையர் சர்ட்டிஃபிகேட். மாட்டுங்காவில் பழைய கட்டடம் ஒன்றில் ஒற்றை அறையில் அக்காவும் அத்தானும் இரண்டு குழந்தைகளோடு இருந்தார்கள். வேலை கிடைக்கும் வரை என்று சொல்லிப் போனவன் எட்டு மாதம் அங்கே இருந்தேன். ராத்திரி நான் வராந்தாவில் படுத்துக்கொள்வேன்.

மாதம் பிறந்தால் கட்டடக்காரரின் குமாஸ்தா வாடகை வசூலுக்கு வருவார். ரசீது எழுதும்போதே அவர் கண் அறையைச் சுற்றி வரும். பெட்டிகளை எண்ணுவார். "இது யாருடைய பெட்டி?" என்று கேட்பார். அந்த நாள் வந்தால் அக்கா என் பெட்டியைப் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வருவாள். நான் ஃபைவ் கார்டன்ஸில் போய் உட்கார்ந்திருப்பேன். மத்தியானச் சாப்பாடு கிடையாது. குமாஸ்தா போய்விட்டார் என்று அக்காவின் மூத்த பையன் ஓடி வந்து சொன்ன பிறகுதான் எழுந்து வருவேன்.

அந்தக் குமாஸ்தாவை நாற்பது வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். முந்திய வருடம்தான் அந்தச் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது, அவருடைய முதலாளிக்கும் ஒரு பயம் இருந்திருக்கிறது என்பது வக்கீல் நண்பரின் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. அவர் பெட்டியை எண்ணினார். நான் செருப்பை எண்ணினேன்.

மறுபடி போனேன்

இந்தத் தடவை போன் செய்து, எந்த நேரம் சௌகரியம் என்று கேட்டுக்கொண்டு போனேன். அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். காப்பி வந்தது, குடித்தேன். "அன்றைக்கு நான் பேசியது தப்பு தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாயிற்று.

கூடத் தங்கியிருந்தவர்கள் மூன்று பேர். வீட்டார் மூவரோடு சேர்த்தால் ஆறு. ஏழாவது ஜோடி அவருடைய பழைய செருப்பாம்!

ஒருவன் மனைவியின் தம்பி, டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடி வந்தவன். இன்னொருவன் அவனுடன் படித்த சிநேகிதன், இன்டர்வியூவுக்கு வந்தவன். மூன்றாமவன் அதே ஊர்க்காரன். பிவண்டியில் ஏற்கெனவே கோடவுனில் வேலை பார்க்கிறான், மாதம் 3,000 ரூபாய் கொடுக்கிறான். இதைச் சொல்லும்போது குடியிருப்பவர் தலையைக் குனிந்துகொண்டார். "சும்மா சாப்பிட அவனுக்குச் சங்கடமா இருந்துச்சு சார். அதான் வாங்கினேன்" என்றார். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. ஆனால் அந்த மூவாயிரம் சாப்பாட்டுக்கா, இடத்துக்கா? நாளைக்குத் தகராறு என்று வந்தால் கேள்வி இதில்தான் நிற்கும். இருவரும் அதைப் புரிந்துகொண்டோம்.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதினோம். கோடவுன் பையன் ஒரு மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்வது. (பிவண்டியிலேயே ஓர் அறைக்கு நான் சிபாரிசு செய்தேன்.) மச்சினன் அறுபது நாள் இருக்கலாம், அதற்குமேல் தேவைப்பட்டால் மறுபடி பேசிக்கொள்வது. அவன் பெயர், ஊர் விலாசம், ஆதார் நகல் சொசைட்டிக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுப்பது. தண்ணீர் வரும் நேரத்தில் வாஷிங் மெஷின் போடுவதில்லை. இருவரும் கையெழுத்துப் போட்டோம். செகரட்டரியிடம் அந்த நகலைக் கொடுத்ததும் அவர் சமாதானமாகிவிட்டார். அவருக்கு வேண்டியிருந்ததும் பெயர்கள்தான்.

"அந்தச் சிநேகிதன்?" என்று கேட்டேன்.

"அவன் நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரியே ஊருக்குக் கிளம்பிட்டான் சார். வியாழக்கிழமை அவனுக்கு ரெண்டாவது இன்டர்வியூ இருந்துச்சு. சொல்லச் சொல்லக் கேக்கல."

அன்று பிரஷ்ஷோடு கதவைத் திறந்தானே, அவன்தான். அத்தனை சத்தம் போட்ட நான் அவன் பெயரைக் கேட்கவில்லை.

அக்ரிமெண்டில் எழுத வேண்டியவை

அதற்குப் பிறகு நான் எழுதும் ஒவ்வொரு அக்ரிமெண்டிலும் 'விருந்தினர்' என்று ஒரு பகுதி உண்டு. நண்பர்களுக்குப் பயன்படும் என்று தருகிறேன். நாள் கணக்கு நாமாகப் பேசி வைத்துக்கொள்வதுதான். அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

1. வீட்டில் நிரந்தரமாக வசிப்பவர்கள் எல்லோருடைய பெயரும் வயதும் உறவும் அக்ரிமெண்டில் இருக்க வேண்டும். 'குடும்பத்தினர்' என்று ஒரே வார்த்தையில் முடிக்க வேண்டாம்.

2. 15 நாள் வரை தங்கும் விருந்தினர் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அது குடியிருப்பவரின் சொந்த விஷயம்.

3. 15 நாளுக்கு மேல் தங்கினால் பெயர், ஊர் விலாசம், எத்தனை நாள் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி எழுதினாலும் போதும். இதற்குப் பெயர் அனுமதி அல்ல, தகவல்.

4. 60 நாளுக்கு மேல் போனால் இருவரும் பேசி எழுத்தில் சம்மதம். பிரசவம், நோய், பெற்றோர் வருகை ஆகியவற்றுக்கு இந்தக் கெடு பொருந்தாது என்றும் எழுதிவிடுங்கள். பேரக் குழந்தையைப் பார்க்க வந்த பாட்டியிடம் தேதி கேட்கும் வீட்டுக்காரராக நாம் இருக்க வேண்டாம்.

5. யாரிடமும் பணம் வாங்கித் தங்க வைப்பது நம் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கூடாது.

6. விருந்தினர் இந்த விலாசத்தை ஆதார், பாங்க், கேஸ் கனெக்‌ஷன் எதற்கும் கொடுக்கக் கூடாது.

7. விருந்தினரால் ஏற்படும் சேதத்துக்கும் அதிகப்படித் தண்ணீர், மின்சாரச் செலவுக்கும் குடியிருப்பவரே பொறுப்பு.

8. நிபந்தனை மீறினால் முதலில் எழுத்து மூலம் அறிவிப்பு, சரி செய்ய 15 நாள், அதற்குப் பிறகே ஒப்பந்தத்தை முடிக்கும் நோட்டீஸ்.

போலீஸ் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பல நகரங்களில் குடியிருப்பவர் விவரத்தை வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கமிஷனர் உத்தரவு போடுகிறார். மீறினால் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 188-ஆவது பிரிவில் வழக்குப் போடுவார்கள். 1.7.2024 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 223-ஆவது பிரிவு வந்திருக்கிறது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் உறவினர் யாராவது வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். இதை நம்மவர்கள் பலர் ஹோட்டலுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொசைட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. சொந்தக்காரர் வசிக்காத ஃப்ளாட்டுக்கு வாங்கும் நான்-ஆக்குபன்ஸி கட்டணம், சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மகாராஷ்டிர அரசு 2001 ஆகஸ்டிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. விருந்தாளிக்குத் தலைக்கு இவ்வளவு என்று யாராவது கேட்டால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

மற்ற ஊர்களில்

வாடகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டில்லியில் இருப்பது 1958-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். எழுத்துச் சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டால் 14-ஆவது பிரிவின்படி காலி செய்யக் கேட்கலாம். ஆனால் மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேல் போனால் அந்தச் சட்டம் பொருந்தாது. பொதுவான சொத்து மாற்றுச் சட்டமும் நம் ஒப்பந்தமும்தான் பேசும். கர்நாடகத்துக்கு 1999-ஆம் வருடச் சட்டம், மேற்கு வங்கத்துக்கு 1997-ஆம் வருடச் சட்டம். 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒரு மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேர முன்னறிவிப்பு, வீட்டு வாடகைக்கு இரண்டு மாத டெபாசிட்டுக்கு மேல் கூடாது என்பவை அதில் உண்டு. ஆனால் அது மாதிரிதான். உங்கள் மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் சட்டம். எந்த ஊரானாலும் நோட்டீஸ் அனுப்புமுன் அங்கே உள்ள வக்கீலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குடியிருப்போருக்கு ஒரு வார்த்தை

வாடகைக்கு இருக்கும் நம் பிள்ளைகளும் ஒன்றை யோசிக்க வேண்டும். ஊரிலிருந்து ஆள் வரப்போகிறது என்றால் வீட்டுக்காரருக்கு முன்னாலேயே ஒரு போன் செய்து, "சார், என் மச்சினன் வேலை தேடி வருகிறான், இரண்டு மாதம் இருப்பான்" என்று சொன்னால் எவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வாட்ச்மேன் வாயால் தெரிய வரும்போதுதான் அது திருட்டுத்தனமாகப் படுகிறது. மறைத்தால் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ள வேண்டியிருக்கும். அதில் படும் அவமானம் எனக்குத் தெரியும்.

அந்தக் குடும்பம் என் வீட்டில் மூன்று வருடம் இருந்தது. அக்ரிமெண்டை இரண்டு முறை புதுப்பித்தோம். மச்சினனுக்கு ஐம்பதாவது நாள் அம்பர்நாத்தில் வேலை கிடைத்துத் தனி அறை பார்த்துக்கொண்டான். 2021-ல் அவர்கள் பத்லாப்பூரில் சொந்த ஃப்ளாட் வாங்கிப் போனார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். அந்தச் சிநேகிதனைப் பற்றி மச்சினனிடம் விசாரித்தேன். ஊரிலேயே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறானாம். அதன் பிறகு மும்பைப் பக்கமே வரவில்லையாம். பெயரையும் அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அங்கத்தினர்களில் யாருக்காவது இதே போன்ற அனுபவம் இருந்தால் அவசியம் எழுதுங்கள். என் அக்ரிமெண்டின் 'விருந்தினர்' பகுதியின் நகல் வேண்டுபவர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.